கீழே இருப்பதுதான் கையெழுத்து

என் எழுத்து நன்றாக இருக்காது. பள்ளிக்கூடத்தில் அதற்காக முட்டியில் அடி வாங்கியிருக்கிறேன். கல்யாணமாகிப் பெங்களூர் அடுகோடிக்கு வந்த பிறகு அடி இல்லை, பேச்சு மட்டும். என் மாமனார் கண்டோன்மென்ட்டில் ராணுவ ஸ்டோர் ஒன்றில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய எழுத்து அச்சில் வார்த்தது மாதிரி இருக்கும். தெருவில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும், பத்திரிகை உறைகளின் மேல் விலாசம் எழுத அவரிடம்தான் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மருமகள் நான். மளிகைக்கு நான் எழுதிய சீட்டை வாங்குவார், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வார், "கோழி கிறுக்கிட்டுப் போயிருக்கு. கடைக்காரன் துவரம்பருப்புக்குப் பதிலா துடைப்பம் குடுப்பான்" என்பார். பிறகு இன்னொரு காகிதத்தில் தானே அழகாக எழுதித் தருவார். எனக்கு உள்ளே பற்றி எரியும். ஒரு நாள்கூட வாய் திறந்ததில்லை.

என் கணவர் டைபாய்டில் போனபோது எங்களுக்குக் குழந்தை இல்லை. மாமியார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். மற்றவர்கள் என்றால் என்னைத் திருப்பத்தூருக்கு, என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். மாமனார் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. முன்னறையில் ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டுக் கொடுத்து, "வெளிச்சம் இங்கதான் நல்லா வருது" என்றார், அவ்வளவுதான். நான் பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்தேன், அவர் செய்தித்தாள் படித்தார், என் மளிகைச் சீட்டுகளைத் திருத்தினார். பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் ஓரளவு திரும்பி வந்தது, கை வரவில்லை. அந்தக் கை அவருக்கு எப்படிப்பட்ட கை என்று எனக்குத் தெரியும். அதனால் அவர் முன்னால் நான் பேனாவையே எடுக்காமல் இருந்தேன்.

அவராகத்தான் ஒரு காலை என்னை எழுதச் சொன்னார். உயில். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், வரிக்கு ஒரு திட்டு வாங்கினேன். "ழகரத்துக்கு வாலை எங்க இழுத்துக்கிட்டுப் போற, ஓசூருக்கா?" என்று கேட்டார். சொத்தைப் பற்றிக்கூட அவருக்கு அவ்வளவு கவலை இருந்ததாகத் தெரியவில்லை, அந்த வாலைப் பற்றித்தான். 'இந்த வீட்டை என் இளைய மகனின் மனைவிக்குச் சர்வ சுதந்திரமாக' என்று அவர் சொன்னபோது என் பேனா நின்றுவிட்டது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏன் நின்னுட்ட, எழுது" என்றார்.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தினமும் ஊசி போட வருகிற கம்பவுண்டர் ஒருவர். ரயில்வேயில் கார்டாக இருந்த அடுத்த வீட்டு ஆங்கிலோ இந்தியர் இன்னொருவர், தமிழ் எங்களைவிட வேகமாகப் பேசுவார். இரண்டு பேரும் வந்ததும், "எல்லாரும் வெளிய நில்லுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தச் சொன்னார். அவர்கள் வாசலில் நின்றார்கள். நான் டீ போட அடுக்களைக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவர்களை உள்ளே கூப்பிடுவது கேட்டது. நான் டீயுடன் வந்தபோது எல்லாம் முடிந்து, கார்டு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் போன பிறகு மாமனார் கசக்கிய காகித உருண்டைகள் நாலைந்தை என்னிடம் நீட்டி, அடுப்பில் போடச் சொன்னார். பிரித்துப் பார்க்காமல் போட்டேன். பழக்கமில்லாத இடது கையால் எத்தனை தடவை தன் பெயரை எழுதிப் பார்த்தாரோ. அதை யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் கதவைச் சாத்தினார் என்பது அப்போதே எனக்குப் புரிந்தது.

அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து மூத்தாரிடம், அதாவது என் கணவரின் அண்ணனிடம், உயிலைக் காட்டினேன். அவர் அல்சூரில் குடும்பத்துடன் இருந்தார், ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். தன் பங்காக அப்பாவின் கைக்கடிகாரமும் பழைய சைக்கிளும் மட்டும் எழுதியிருந்ததைப் படித்தபோது அவர் முகம் கறுத்துப்போனது. அடியில் இருந்த கையெழுத்தை விரலால் தொட்டு, "இது அப்பா போட்டதே இல்ல. அப்பாவுக்கு எப்ப இப்படிக் கோணிக்கிட்டுப் போச்சு?" என்று கேட்டார். கை விழுந்த பிறகு அவர் வந்து பார்த்ததே கொஞ்சம், வந்தபோதும் அப்பா எழுதி அவர் பார்த்ததில்லை. பிறகு குரலைத் தணித்து, "உன்னைத் தெருவுல விட்டுருவேனா? எங்க வீட்டுக்கு வந்துரு. பின்னால ஒரு ரூம் இருக்கு. பசங்களையும் பார்த்துக்கலாம்" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. சம்பளம் இல்லாத ஆயாவாகப் போவதற்குப் பெயர் அடைக்கலம்.

எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அன்று ஒரு கஷ்டம் உண்டு. உயில் கையில் இருந்தால் போதாது. அது உண்மையான உயில்தான் என்று ஜில்லா கோர்ட் விசாரித்து, முத்திரை போட்டுத் தர வேண்டும். அதற்குப் பெயர் புரொபேட். அது இல்லாமல் காத்தாவில், அதாவது வீடு யாருடையது என்ற கார்ப்பரேஷன் பதிவில், பெயர் மாற்ற மாட்டார்கள். உயில் செல்லாது என்று ஆகிவிட்டால், சட்டப்படி பிள்ளையில்லாத விதவை மருமகளுக்கு அந்த வீட்டில் ஒரு செங்கல்கூடக் கிடையாது. எல்லாம் மூத்தாருக்கு. நான் மனு போட்டேன். அவர் ஆட்சேபணை போட்டார். வழக்கு என்று ஆகிவிட்டது.

என் வக்கீல் சாமராஜபேட்டைக்காரர், வயதானவர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். உயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை யாரு பரெதித்து, எழுதினது?" என்று கேட்டார். பத்திரங்களின் கடைசியில் எழுதியவர் பெயரைப் போடுவது வழக்கமாம். அது எனக்கும் தெரியாது, மாமனாரும் சொல்லவில்லை.

"நான்தான் சார்."

மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தவர் மூடிவிட்டார். "நோடம்மா, பாருங்க, வீடு கிடைக்கறவளே உயில் எழுதினான்னா எந்த ஜட்ஜுக்கும் சந்தேகம் வரும். கேட்டா நெஜத்தைச் சொல்லுங்க, சுள்ளு ஹேளபேடி, பொய் மட்டும் வேண்டாம். ஆனா கேக்கறதுக்கு முன்னால சும்னே நீங்களா சொல்லாதீங்க." பிறகு அவர் சாட்சியைப் பற்றிக் கேட்டார். கார்டு குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டார். மிச்சம் இருந்தது கம்பவுண்டர் ஒருவர்தான். "அவரு வந்து, கையெழுத்துப் போடறதைப் பார்த்தேன்னு ஒரு மாத்து சொல்லட்டும். முடிஞ்சுது" என்றார் வக்கீல்.

அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காகத்தான் டிஸ்பென்சரிக்குப் போனேன். கம்பவுண்டர் ஒரு பாட்டிலில் மருந்தை ஊற்றி, காகிதத்தை வெட்டி அளவுக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்பதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நான் பார்க்கலையேம்மா. கதவு சாத்தியிருந்துது. பார்த்தேன்னு எப்படிச் சொல்றது?"

"உள்ள கூப்பிட்டதும் என்ன சொன்னார்?"

"காகிதத்தைக் காட்டி, 'இது என் கையெழுத்து'ன்னாரு."

"வேற?"

"வேற என்ன" என்று தக்கையை அழுத்தி மூடினார். என்னைப் பார்க்கவில்லை.

அதுவே போதும் என்றார் வக்கீல். போட்டதைப் பார்க்காவிட்டாலும், போட்டவரே 'இது நான் போட்ட கையெழுத்து' என்று இரண்டு சாட்சிகளிடமும் சொல்லியிருந்தால் சட்டம் ஒப்புக்கொள்ளுமாம். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

விசாரணை நாளில் ஜட்ஜைப் பார்த்ததும் அந்த மூச்சு மறுபடி நின்றது. மாநிலங்களைப் பிரித்து ஒட்டி மைசூரைப் பெரிதாக்கிய பிறகு வந்தவர் அவர். தார்வாட் பக்கத்துக்காரர். கன்னடமும் இங்கிலீஷும்தான். பெங்களூரில் பழைய ஜட்ஜுகளுக்கெல்லாம் தமிழ் தண்ணீர் பட்ட பாடு, இவருக்கு ஒரு சொல் தெரியாது. சாட்சி தமிழில் சொல்வதைப் பெஞ்சு கிளார்க் கன்னடத்தில் சொல்லுவார், ஜட்ஜ் இங்கிலீஷில் எழுதிக்கொள்வார். என் வீடு மூன்று பாஷைகளைத் தாண்டி என்னிடம் வந்து சேர வேண்டும்.

கம்பவுண்டர் கூண்டில் ஏறினார். குடையைக் கையிலேயே வைத்திருந்தார்.

"பெரியவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தீங்களா?" என்று என் வக்கீல் கேட்டார்.

"இல்லைங்க. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தாரு. அப்புறம் எங்க ரெண்டு பேரையும் ஒண்ணாக் கூப்பிட்டாரு."

"கூப்பிட்டு?"

கம்பவுண்டர் என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். "காகிதத்தைக் காட்டினாரு. 'இது என் கையெழுத்து'ன்னாரு. நாங்க சைன் பண்ணோம்."

பெஞ்சு கிளார்க் எழுந்து ஒப்பித்தார். "'இது நன்ன கைபரஹ' அந்தா ஹேளித்ரு."

நான் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். கன்னடம் எனக்கு நன்றாகத் தெரியும். கைபரஹ என்றால் ஒருவர் எழுதுகிற எழுத்து, அதன் சாயல். பத்திரத்தில் போடுகிற கையெழுத்துக்கு ருஜு என்று வேறு சொல் இருக்கிறது. நம்மிடம் இரண்டுக்கும் ஒரே சொல்தான். 'அவன் கையெழுத்து அழகா இருக்கு' என்கிறோம், 'இங்க கையெழுத்துப் போடு' என்கிறோம், ஒரு நாளும் குழம்பியதில்லை. கிளார்க் மேல் தப்பில்லை, அவசரத்தில் முதலில் வாயில் வந்ததைச் சொன்னார். ஜட்ஜின் பேனா அதை எழுதிக்கொண்டு போய்விட்டது.

மூத்தாரின் வக்கீல் எழுந்தார். உயிலின் வாசகம் பெரியவர் எழுதியது அல்ல, அவருடைய பழைய கடிதங்கள் இதோ இருக்கின்றன என்று நீட்டினார். அப்படியிருக்க, வேறு யாரோ எழுதியதைக் காட்டி 'இது என் எழுத்து' என்று அவர் சொன்னார் என்றால், ஒன்று, சாட்சி பொய் சொல்கிறார். இல்லையென்றால் பெரியவருக்கு அன்று புத்தி நிலையில் இல்லை. எப்படியும் உயில் செல்லாது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். என் வக்கீல் எழுந்து, தமிழில் அந்தச் சொல்லுக்கு ருஜு என்றும் பொருள் உண்டு என்றார். எதிர்க்கட்சி வக்கீல் கண்களை விரித்து வியந்தார். அவரும் தமிழர்தான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் வராந்தாவில் மூத்தாரோடு தமிழில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தார். அந்த பாஷையைக் காதால் கேட்டதே இல்லை என்பது போல அவர் நின்ற நிலையை இன்று நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கும்.

ஜட்ஜ் நிதானமானவர். "இரண்டு அர்த்தமும் உண்டு என்றால், அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. அதனால்தான் பயமாக இருந்தது. வழக்கைத் தள்ளி வைத்தார். அடுத்த முறை கூண்டில் ஏற வேண்டியவள் நான்.

வெளியே வந்ததும் வக்கீலிடம் சொன்னேன். "சார், மேல இருக்கறதை எழுதினது நான். என் எழுத்தைக் காட்டி அவரு எப்படி 'என் எழுத்து'ன்னு சொல்லுவாரு? கீழ போட்ட கையெழுத்தைத்தானே சொல்லியிருக்கணும்?"

"கரெக்ட். ஆனா அதுக்கு, எழுதினது நீங்கதான்னு கோர்ட்ல ஒப்புக்கணும்." தூணில் சாய்ந்து பொடியை உறிஞ்சினார். "சொன்னா ஒண்ணு சரியாகும், இன்னொண்ணு கெட்டுப்போகும். வீடு வாங்கறவளே எழுதிக்கிட்டாளேன்னு பிடிச்சுக்குவாங்க. சொல்லாம இருந்தா இப்பவே கெட்டுக் கிடக்கு. யோசனை பண்ணிட்டு வாங்கம்மா."

யோசனை பண்ணினேன். வேறு எதுவும் பண்ண முடியவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு இடது கையை வைத்துத் தைத்தேன். இடையில் ஒரு நாள் மூத்தார் யாரோ ஒருவரை வீடு காட்ட அழைத்துவந்தார், குடிவரக் கேட்டவராம். வந்தவர் அறை அறையாகப் பார்த்துவிட்டு, முன்னறையில் நின்று, "இந்த மெஷின் இங்கயே இருக்குமா, எடுத்துருவாங்களா?" என்று கேட்டார். மூத்தார் அவசரமாக அவரைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். நான் மிதித்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தவே இல்லை. அந்த மனிதர் போன பிறகுதான் ஊசியில் நூலே இல்லை என்று கண்டேன்.

கூண்டில் ஏறியபோது முடிவு பண்ணியிருந்தேன். "இந்த உயிலை எழுதியது யார்?" என்று என் வக்கீல் கேட்டதும், "நான்தான்" என்றேன். கீழே பார்த்துக்கொண்டிருந்த மூத்தார் சட்டென்று தலையைத் தூக்கினார். யாரோ ஒரு மனு எழுதுகிறவனைக் கூலிக்குப் பிடித்து நான் ஜோடித்ததாகத்தான் அவர் அதுவரை நம்பியிருந்தார்.

எதிர்க்கட்சி வக்கீலுக்குப் பாயசம் பரிமாறியது மாதிரி ஆகிவிட்டது.

"உங்களுக்கு வீடு வர்ற உயிலை நீங்களே எழுதிக்கிட்டீங்க?"

"அவர் சொன்னார். நான் எழுதினேன்."

"அவர் சொன்னாருங்கறதுக்கு யார் சாட்சி?"

"யாருமில்லை. நாங்க ரெண்டு பேர்தான் இருந்தோம்."

"ரெண்டு பேர்ல ஒருத்தர் இப்ப இல்லை" என்றார் அவர், ஜட்ஜைப் பார்த்துக்கொண்டே.

ஜட்ஜ் ஒரு வெள்ளைக் காகிதத்தை என்னிடம் கொடுக்கச் சொன்னார். உயிலிலிருந்து நாலு வரியை எதிர்க்கட்சி வக்கீல் வாசிக்க, நான் கோர்ட்டாருக்கு முன்னால் எழுத வேண்டும். முதல் வரியைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். அப்போது அந்த மனிதர் வேண்டுமென்றே 'வாழ்நாள் முழுவதும்' என்பதை இழுத்து இழுத்து வாசித்தார். கோபம் வந்தது. கோபத்தில் கை தன்பாட்டுக்கு ஓடியது. எழுதி முடித்துப் பார்த்தால், ழகரங்களின் வால்கள் எல்லாம் அடுத்த வரிக்குள் புகுந்திருந்தன. ஜட்ஜுக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் வால் தெரிந்தது. இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

உடனே எதிர்க்கட்சி வக்கீல் கட்சியை மாற்றினார். பெரியவரின் பழைய கடிதம் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இப்படி முத்து முத்தா எழுதற மனுஷன், தன் உயிலை இந்த எழுத்துல எழுதவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாம ஒத்துக்கிட்டாரா?" என்று கேட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லாம இருந்தாருன்னு யார் சொன்னது?" என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "வரிக்கு வரி திட்டினாரு. நான் அந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து என் எழுத்தைத் திட்டிக்கிட்டேதான் இருந்தாரு. மளிகைச் சீட்டைக்கூட விடமாட்டாரு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். என் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். கிளார்க் கன்னடத்தில் சொல்லி முடித்ததும் ஜட்ஜ் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதைப் பற்றிச் சாட்சிகளிடமும் அவர் ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார்.

"தெரியாது. நான் அடுக்களையில இருந்தேன்."

கம்பவுண்டர் எனக்குத் துணையாக அன்றும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஜட்ஜ் அவரை மறுபடி கூண்டுக்குக் கூப்பிட்டார். நான் இறங்கி வழிவிட்டேன்.

"அன்றைக்கு அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லுங்கள்."

"சொன்னேனேங்க."

"எல்லாவற்றையும் சொன்னீர்களா?"

கம்பவுண்டர் குடையின் கைப்பிடியைத் திருகினார். நெற்றியில் வேர்த்தது. "அம்மா இங்க இருக்காங்களேங்க" என்றார்.

"இருந்தால் என்ன?"

"அவங்க மனசு நோகும். போனவரு ஏதோ சொல்லிட்டாரு. நாலு பேர் முன்னால சொல்ற பேச்சில்லைங்க அது."

மாமனார் அப்படி என்ன சொல்லியிருப்பார்? தொந்தரவு பண்ணி எழுதி வாங்குகிறாள் என்றாரா? வேறு வழியில்லாமல் கொடுக்கிறேன் என்றாரா? எத்தனை நாள் ஆறிப்போன கஞ்சியைக் கொடுத்திருக்கிறேன், எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்றெல்லாம் ஒரே நேரத்தில் நினைவு வந்தது. வீடு போனது என்று நினைத்தேன். வீடு போனதைவிட, அவர் என்னைப் பற்றி அப்படி நினைத்தார் என்று ஊர் முன்னால் தெரியப்போகிறதே என்பதுதான் அந்த நிமிஷம் பெரிதாக இருந்தது. மூத்தாரின் வக்கீல் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சத்தியம் செய்திருக்கிறீர்கள்" என்றார் ஜட்ஜ்.

கம்பவுண்டர் என்னைப் பார்த்து, "மன்னிச்சுக்கணும்மா" என்றார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார். "'மேல கோழி கிறுக்கின மாதிரி இருக்குதே, அது என் மருமக எழுதினது. அதை என் தலையில கட்டிடாதீங்க. கீழ இருக்குது பாருங்க, அதுதான் என் கையெழுத்து'ன்னாரு. கார்டு துரை விழுந்து விழுந்து சிரிச்சாரு. இதைப் போய் எப்படிங்க அவங்க முன்னால சொல்றது?"

கிளார்க் எழுந்தார். கோழியில் ஒரு கணம் தடுக்கி நின்றார். பிறகு முகம் மலர்ந்து சொன்னார். "மேலெ காகெ காலு குப்பி காலு தரா இரோது சொஸெ பரெதித்து. கெளகெ இரோது நன்ன ருஜு."

காக்கைக் கால், குருவிக் கால். மோசமான எழுத்தைக் கன்னடத்தில் அப்படித்தான் கேலி செய்வார்கள், தார்வாடிலும் அப்படித்தான் போலிருக்கிறது. ஜட்ஜ் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார், துடைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ருஜு என்று கிளார்க்குக்கு இந்தத் தடவை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மேலே ஒன்று கீழே ஒன்று என்று பெரியவரே பிரித்துக் கொடுத்துவிட்டார். எழுதியது மருமகள் என்பதையும் ஒளிக்காமல் இரண்டு சாட்சிகளிடமும் அவரே சொல்லியிருந்தார்.

அப்போது மூத்தார் சிரித்தார். அடக்கப் பார்த்தும் முடியாமல், தோள் குலுங்கச் சிரித்தார். "அப்பாதான்" என்றார், யாரிடம் என்று இல்லாமல். அவருடைய வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அப்பாவேதான் சார். என் புத்தகத்துல எல்லாம் கோழின்னு சிவப்பு இங்க்கில எழுதி வைப்பாரு." சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். குறுக்கு விசாரணை உண்டா என்று ஜட்ஜ் கேட்டபோது, அவர் தன் வக்கீலின் கையைப் பிடித்து, "வேண்டாம், போதும்" என்றார்.

ஜட்ஜ் பிறகு ஒரு நாள் தீர்ப்பைப் படித்தார். உயில் செல்லும் என்றார். கைக்கடிகாரத்தையும் சைக்கிளையும் மூத்தாரே வந்து எடுத்துக்கொண்டு போனார். டீ குடித்தார். ஜன்னலோர மெஷினைப் பார்த்துவிட்டு, "வெளிச்சம் இங்கதான் நல்லா வருது" என்று அப்பா மாதிரியே சொன்னார்.

முத்திரை போட்ட புரொபேட்டை வாங்க நான் தனியாகப் போனேன். அதே பெஞ்சு கிளார்க்தான் பதிவுப் புத்தகத்தைத் திருப்பி வைத்து, "இங்க கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். போட்டேன். புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தவர், "பெரியவர் சொன்னது நெஜந்தாம்மா" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே வராந்தாவுக்கு வந்தேன். அங்கே, ஜனங்கள் போய் வந்துகொண்டிருந்த இடத்தில், தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரை அடக்கம் பண்ணிய அன்றுகூட நான் அப்படி அழவில்லை. வீடு என்னுடையதாகிவிட்டது. திரும்பிப் போனதும் மளிகைச் சீட்டு எழுத வேண்டும். அதை வாங்கிப் பார்க்க அங்கே யாரும் இல்லை.